கற்கும் விரலுக்கு வயதேது?



காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், பாலாற்றங்கரையை ஒட்டி அமைந்த ஊர் ஓரிக்கை. பட்டுத்தறியின் ஓசை இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. தறியில் அமர்ந்து நெய்பவரை நீங்கள் உற்றுக் கவனித்ததுண்டா? கால்கள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. ஒரு கை நாடாவை ஓட விடுகிறது. மறு கை பலகையை இழுத்து அடிக்கிறது. கண்களோ ஓடும் இழையை விட்டு அகலுவதில்லை. இந்த வேலையை வெறும் ஏட்டைப் படித்துக் கற்றவர் உண்டோ? அத்தாவின் பக்கத்திலோ, தொழில் தெரிந்த பெரியவரின் பக்கத்திலோ அமர்ந்து கற்றவர்களே மிகுதி.

பியானோவும் இவ்வாறே கற்கப்படும் ஒரு கலை. இரு கைகளும் இரு வேறு வேலைகளைச் செய்ய, கால் மிதியை அழுத்த, கண்கள் இசைக்குறிப்பைப் படிக்க வேண்டும். ஆகவேதான் உலகெங்கும் இதனை ஓர் ஆசிரியர் ஒரு மாணவரை அருகில் அமர்த்தித் தனியாகக் கற்பிக்கும் வழக்கம் நிலைத்திருக்கிறது.

மெல்லவும் உரக்கவும்

1700ஆம் ஆண்டையொட்டி, இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்டோபோரி என்பவர் இக்கருவியை உருவாக்கினார். கட்டையை அழுத்தினால், உள்ளே கம்பளி பொதிந்த சிறு சுத்தியல் ஒன்று எழுந்து கம்பியைத் தட்டித் திரும்புகிறது. மெல்ல அழுத்தினால் மெல்லிய ஓசை. வலிந்து அழுத்தினால் உரத்த ஓசை. ‘பியானோ’, ‘போர்ட்டே’ என்னும் இத்தாலியச் சொற்களுக்கு முறையே ‘மெல்ல’, ‘உரக்க’ என்பதே பொருள். இன்றைய பியானோவில் வெள்ளைக் கட்டைகள் 52, கறுப்புக் கட்டைகள் 36, ஆக மொத்தம் 88. எந்தக் கட்டையை அழுத்துவது என்பதைப் படம் போட்டுக் காட்டிவிடலாம். எவ்வளவு மென்மையாக அழுத்துவது என்பதை ஆசிரியரின் காதும் கையுமே சொல்லித் தர முடியும்.

ஓர் ஆசிரியர், இரு மாணவர்கள்

சென்னை மயிலாப்பூரில், விடுதி அறை ஒன்றில் தங்கியிருந்து மேலை இசையைக் கற்பித்து வந்தவர் தன்ராஜ் மாஸ்டர். 1960களின் இறுதியில் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த ஓர் இளைஞர் அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்த அனுபவம் இருந்தும், முதற்பாடத்திலிருந்து தொடங்க அவர் வெட்கப்படவில்லை. அவரே இளையராஜா. தம் 81ஆம் வயதில், 2025 மார்ச் 8 அன்று, தாம் எழுதிய சிம்பொனியை இலண்டனில் அரங்கேற்றினார்.

அதே ஆசிரியரிடம் பயின்ற மற்றொருவர், 1976இல் ஒன்பது வயதில் தந்தையை இழந்த சிறுவர். தந்தை ஆர்.கே.சேகர் விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அக்குடும்பம் காலந்தள்ளியது. அச்சிறுவரே பின்னாளில் 2009இல் இரண்டு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற ஏ.ஆர்.ரஹ்மான். அவர் 2008இல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார்.

ஒருவர் கிராமத்து மேடைகளில் வாசித்துப் பழகிய இளைஞர். மற்றவர் நகரத்தில் வளர்ந்த சிறுவர். வயது வேறு, முன்பயிற்சி வேறு. ஆயினும் ஓர் ஆசிரியரிடமே இருவரும் பயன் பெற்றனர். மாணவர் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்தே தொடங்குவதுதான் தனிப்பயிற்சியின் சிறப்பு!

யாருக்கு எப்படி?

எழுத்தறியாத சின்னஞ்சிறு குழந்தைக்குக் கேட்டலும் விளையாட்டுமே பாடம். பள்ளி வயதுப் பிள்ளை விரல் பழக்கத்தையும் குறிப்பு வாசிப்பையும் ஒருங்கே கற்கும். நாற்பதைக் கடந்தவருக்கு விதிகள் விரைவில் விளங்கும், விரல்கள்தாம் மெதுவாக இசையும். அதை அறிந்து பொறுமை காக்கும் ஆசிரியரே அவருக்கு ஏற்றவர். ‘பிள்ளைகளெல்லாம் வளர்ந்துவிட்டார்கள், இனி நமக்கெதற்கு?’ என்று எண்ணும் தாய்மாரே, தேர்வு எழுதவும்கூட உங்களுக்கு வயது தடையில்லை!

இலண்டன் டிரினிட்டி கல்லூரி 1877 முதல் இசைத் தேர்வுகளை நடத்தி வருகிறது. தொடக்க நிலையை அடுத்து எட்டு நிலைகள் உள்ளன. நம் நாட்டு மாணவர்கள் பலரும் இவற்றை எழுதுகின்றனர். தேர்வு நல்லதே. ஆனால், சான்றிதழுக்காக ஆண்டு முழுவதும் மூன்றே உருப்படிகளை உருப்போடும் பிள்ளை, நான்காவதைத் தானாகப் படித்து வாசிக்க இயலாமல் நின்றுவிடும். சுவரில் மாட்டிய சான்றிதழ் வாசிக்காது, விரல்தான் வாசிக்கும்.

வீட்டார் கவனத்திற்கு

பியானோ விலை மிகுந்தது, அவ்வப்போது சுருதி சேர்க்கவும் வேண்டும். தொடக்கத்தில் 61 கட்டைகள் கொண்ட மின்விசைப் பலகையே போதும். ஆனால் அழுத்தத்துக்கேற்ப ஒலி கூடிக் குறையும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வாரம் ஒரு நாள் மூன்று மணி நேரம் வாசிப்பதைவிட, நாள்தோறும் இருபது நிமிடம் வாசிப்பதே பலன் தரும்.

ஓரிக்கையிலிருந்து சென்னை 70 கிலோமீட்டருக்கும் மேல். வாரந்தோறும் சென்று வர இயலாதவர்கள் இன்று இணையவழியிலும் பயிலலாம். கைப்பேசியை முகத்துக்கு நேரே வைக்காமல், மணிக்கட்டும் விரல்களும் தெரியுமாறு பக்கவாட்டில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறையேனும் நேரில் சென்று கையைக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பைப் பாருங்கள். பிள்ளை தவறும்போது ஆசிரியர் அதட்டுகிறாரா, அல்லது அவ்விடத்தை மெதுவாக மீண்டும் வாசிக்கச் சொல்கிறாரா? ஆணாயினும் பெண்ணாயினும், பிள்ளை கற்கும் அறையில் வீட்டார் ஒருவர் உடனிருக்கலாம். நல்ல ஆசிரியர் இதனை மறுக்க மாட்டார்.

இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை அறிந்து முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்தந்த வீட்டாரே. பத்தாம் நூற்றாண்டின் பேரறிஞர் அல் ஃபாராபி இசை இயலைப் பற்றி ‘கிதாபுல் மூஸீகல் கபீர்’ என்னும் பெருநூல் எழுதினார் என்பதும் நம் வரலாற்றில் உள்ளதே.

கற்பது என முடிவு செய்துவிட்டால், வயதைக் காட்டித் தள்ளிப் போடாதீர்கள். தறியில் முதல் நாள் அமர்ந்தவரின் இழை அறுந்துதான் போகும். பக்கத்தில் இருப்பவர் அதை முடிந்து கொடுப்பார். மறுநாளும் அமர்கிறவருக்கே சேலை நிறைவுறும்.