நெய்வேலி முதல் அனல்மின் நிலையம்: காயலான் கடை இரும்பா, காப்பாற்ற வேண்டிய வரலாறா?

கோயிலும் கோட்டையும் மட்டும்தான் பாரம்பரியமா? சுரங்கமும் மின் நிலையமும் அந்தக் கணக்கில் வராதா? விழுப்புரமும் கடலூரும் ஒரே தென்னாற்காடு மாவட்டமாக இருந்த காலத்தில் உருவான நெய்வேலியை வைத்தே பார்க்கலாம்.

என்ன நடந்தது?

1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் என்.எல்.சி. உருவானது. சோவியத் உதவியுடன் கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962-ல் ஓடத் தொடங்கியது. 600 மெகாவாட் திறன் கொண்ட அது 2020 செப்டம்பரில் மூடப்பட்டது. சுரங்கங்கள் இன்னும் இயங்குகின்றன.

சட்டம் காப்பாற்றுமா?

கஷ்டம்தான். 1958-ம் ஆண்டின் மத்திய தொல்லியல் சட்டப்படி, நினைவுச்சின்னமாக அறிவிக்கக் குறைந்தது 100 வருஷம் ஆகியிருக்கணும். அதாவது 2062. அதுவரை இரும்பு தாங்குமா?

ஜெர்மனி என்ன செய்தது?

1991-ல் மூடிய ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் 5 ராட்சத இயந்திரங்களை உடைக்காமல் நிறுத்திவைத்தார்கள். இன்று அது 'ஃபெரோபோலிஸ்' திறந்தவெளி அருங்காட்சியகம். அங்கே இசைத் திருவிழாவும் நடக்குது.

நாம் என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் வைக்க வேண்டாம். ஒரு டர்பைன், மண் வெட்டும் ஒரு ராட்சத இயந்திரம், நிலம் கொடுத்த கிராமங்களின் பெயர்கள் இருந்தாலே போதும். ஊரை இழந்தவர்களை விட்டுவிட்டு இயந்திரத்தை மட்டும் வைத்தால் அது பாதி வரலாறுதான். முதல் தலைமுறைத் தொழிலாளர்களுக்கு இப்போது 80 வயதுக்கு மேல் இருக்கும். அவங்க குரலைப் பதிவு செய்வதுதான் முதல் வேலை.