செங்கல் வாங்கும் முன் ஐந்து நாள்



வெளிநாட்டில் பல வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தில் வீடு கட்டுகிறவர்கள் நம் மஹல்லாவில் அதிகம். சிமெண்ட் எந்தக் கம்பெனி, கம்பி எந்தக் கம்பெனி என்று ஊரெல்லாம் விசாரிப்பார்கள். செங்கல் மட்டும் யாரோ சொன்ன சூளையிலிருந்து லாரியில் வந்து இறங்கிவிடும். கல்லின் மேல் சூளைக்காரர் பெயரின் இரண்டு எழுத்து இருக்கும். அது வலுவுக்குச் சாட்சி ஆகாது.

என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வந்து இறங்கிய கல் பார்க்க நல்ல சிவப்பு, விலையும் குறைவு. நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் கீழ்ச்சுவரின் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே இருந்த கல்லைச் சாவியால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. தூண் இல்லாமல் சுவரின் மேலேயே தளம் போட்ட வீடு. மகனுக்கு நிக்காஹ் ஆனதும் மாடி எடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள். அந்த எண்ணத்தையே விட வேண்டியதாயிற்று.

கல்லின் வலுவைச் சோதிக்கும் முறையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 3495 என்ற விதியில் வகுத்திருக்கிறது. பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் ஆகியவற்றின் சிவில் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் செய்துகொள்ளலாம். வலுவுக்கு ஐந்து கல் வேண்டும். முதலில் கல்லின் மேலும் கீழும் சமமாகத் தேய்த்து, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். பிறகு மேலே உள்ள பள்ளத்தை ஒன்றுக்கு ஒன்று சிமெண்ட் மணல் கலவையால் நிரப்பி, ஈரச் சாக்கில் ஒரு நாள் மூடி வைப்பார்கள். அதன்பின் மூன்று நாள் மீண்டும் தண்ணீரில். ஆக ஐந்து நாள். கடைசியில் இரண்டு பிளைவுட் தகடுகளுக்கு நடுவே கல்லைப் படுக்கையாக வைத்து, இயந்திரத்தில் நசுக்குவார்கள். கல் எந்தப் பாரத்தில் உடைகிறதோ அதைக் கல்லின் பரப்பால் வகுத்தால் வலு கிடைத்துவிடும்.

ஊறப்போடுவது ஏன் என்று சிலர் கேட்பதுண்டு. நனைந்த கல் காய்ந்த கல்லைவிட வலுக்குறைவு. மழையில் நனைந்த சுவரும் தளத்தைத் தாங்கத்தானே வேண்டும்? அதனால் கல்லை அதன் பலவீனமான நிலையிலேயே சோதிக்கிறார்கள்.

சாதாரணச் சுட்ட செங்கல்லுக்கான விதி ஐ.எஸ். 1077. அதில் மிகக் கீழான வகுப்புக்கே ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் வலு இருக்க வேண்டும். 23 சென்டிமீட்டர் நீளம், 11 சென்டிமீட்டர் அகலம் உள்ள கல் என்றால் சுமார் ஒன்பது டன் பாரம் வரை உடையக் கூடாது. கேட்கும்போது மலைப்பாக இருக்கும். நல்ல சூளைக்கல் இதை எளிதாகத் தாண்டிவிடும். ஐந்து கல்லின் சராசரி மட்டும் போதாது. தனிக்கல் எதுவும் அந்த வகுப்பின் அளவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கீழே போகக் கூடாது. ரிப்போர்ட் வாங்கும்போது சராசரியோடு ஐந்து கல்லின் எண்களையும் தனித்தனியே கேட்டு வாங்குங்கள்.

ஒன்பது டன் தாங்கும் கல்லில் கட்டினால் சுவரும் அந்தக் கணக்கில் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். கல்லும் கலவையும் மாறி மாறி வரும் சுவர் தனிக்கல்லைவிடப் பல மடங்கு பலவீனமானது. 3.5 கல்லில் கட்டிய சுவருக்குப் பொறியாளர் கணக்கில் எடுக்கும் அடிப்படை அழுத்தம் 0.35 மட்டுமே, பத்தில் ஒன்று. சுவரின் உயரத்தைப் பொறுத்து அதுவும் குறையும். ஒன்பது அங்குல நடுச்சுவர் இரண்டு பக்க அறைகளின் தளத்தையும் தாங்கி, மேலே ஒரு மாடியும் வந்துவிட்டால் அந்த எல்லையை நெருங்கிவிடும்.

“கல் கொஞ்சம் சுமார்தான், கலவையில் சிமெண்டைக் கூட்டிப் போட்டுச் சரிசெய்துவிடலாம்” என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கல் 3.5 ஆக இருந்தால், கலவை ஒன்றுக்கு ஆறாக இருந்தாலும் ஒன்றுக்கு மூன்றாக இருந்தாலும் அந்த 0.35 மாறாது. சிமெண்டுக்குக் கொடுத்த பணம்தான் மிச்சமில்லாமல் போகும். தூணும் பீமும் எழுப்பிய வீட்டில் நிலைமை வேறு. அங்கே பாரத்தைத் தூண் சுமக்கிறது. செங்கல் இடையை அடைக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு வலுவைவிட நீர் உறிஞ்சுவதும் உப்பும்தான் பெரிய கவலை.

நீர் உறிஞ்சுவதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த கல்லைத் தராசில் நிறுத்து, ஒரு நாள் முழுவதும் வாளித் தண்ணீரில் மூழ்கவிட்டு, ஈரத்துணியால் துடைத்து உடனே நிறுக்க வேண்டும். மூன்று கிலோ கல் 3 கிலோ 600 கிராமுக்கு மேல் போனால் 20 சதவீத எல்லையைத் தாண்டிவிட்டது. ஆய்வகத்தில் சூட்டடுப்பில் உலர்த்துவார்கள் என்பதால் அவர்கள் கணக்கு இன்னும் துல்லியம். ஊறிய கல்லை மறுநாளும் கவனியுங்கள். சுக்கான் கல் கலந்த மண்ணில் அறுத்திருந்தால், சூளையில் அது சுண்ணாம்பாகி, தண்ணீர் பட்டதும் உப்பிக் கல்லை வெடிக்கச் செய்யும்.

உப்புப் பூப்பதைப் பார்க்க, தட்டில் ஓர் அங்குல உயரம் தண்ணீர் ஊற்றிக் கல்லைச் செங்குத்தாக நிறுத்துங்கள். தண்ணீர் வற்றியதும் ஒருமுறை மீண்டும் ஊற்றி வற்றவிடுங்கள். நம் கிணற்றுத் தண்ணீரே உப்பு என்பதால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கிக்கொள்வது நல்லது. கல்லின் பாதிக்கு மேல் வெள்ளை படர்ந்தால் அந்தச் சூளையை விட்டுவிடுங்கள்.

ஹாலோ பிளாக், சாலிட் பிளாக் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, வார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்பதை. 14 நாளாவது தண்ணீர் காட்டி, அதன்பின் சுமார் நான்கு வாரம் காயவிட வேண்டும். வார்த்த மறுவாரமே லாரியில் ஏற்றி விற்கிறார்கள். அது சுவரில் ஏறிய பிறகு சுருங்கி விரிசல் விடும். ஆய்வகத்துக்கு எட்டு பிளாக் கொடுக்க வேண்டும். ஹாலோ பிளாக்கில் வலுவை நடுவிலுள்ள ஓட்டையையும் சேர்த்த முழுப் பரப்புக்குத்தான் கணக்கிடுவார்கள். செங்கல்லைக் கட்டும் முன் ஊறவைப்பதுபோல் பிளாக்கை ஊறவைக்கக் கூடாது, லேசாகத் தெளித்தால் போதும்.

சோதனைக்குக் கல்லை நீங்களே பொறுக்குங்கள், சூளைக்காரர் கையால் வாங்காதீர்கள். நாட்டுச்சூளையில் வெளிவரிசைக் கல் சரியாக வேகாது. அடுக்கின் மேல், கீழ், ஓரம், நடு என்று பல இடத்திலும் எடுங்கள். ஐந்து நாள் ஆகும் என்பதால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதை முடித்துக்கொள்வது நல்லது. சுவர் இடுப்பளவு எழும்பிய பிறகு ரிப்போர்ட் வந்து என்ன பயன்?

லோடு வரும் நேரம் பல வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில் இருப்பார்கள். இறக்குவது உம்மாவோ மனைவியோதான். சகோதரிகள் தயங்க வேண்டாம். தேர்ச்சி பெற்ற அதே அடுக்கிலிருந்து கூடுதலாக ஒரு கல்லை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். லாரி வந்ததும் இறக்கும் முன் நிறத்தையும் எடையையும் அதோடு ஒப்பிடுங்கள். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து தட்டையாகப் போட்டால் உடையக் கூடாது. இதில் ஏதாவது தவறினால் லாரியை இறக்காமல் அப்படியே நிறுத்திவைத்து, பொறியாளருக்குப் போன் செய்யுங்கள்.