பிள்ளைகளை வெளியே விளையாட விடுவோமா?

மாலை நாலரை மணியளவில் வன்னிக் கிராமங்களில் வீடு வீடாகப் போகும்போது ஒன்று கண்ணில் படுகிறது. வாசிகசாலை வளவு வெறுமையாகக் கிடக்கிறது. பிள்ளைகள் ரியூஷனில், அல்லது கைத்தொலைபேசியுடன் வீட்டுக்குள். விளையாட விடாததற்குக் காரணம் கேட்டால் தாய்மார் பலர் சொல்வது ஒன்றுதான்: "என்ரை கண்ணுக்கு முன்னாலை இருந்தால்தான் நிம்மதி."

இதைப் பிழை என்று இலகுவில் சொல்லிவிட முடியாது. இன்றைய தாய்மார் பங்கருக்குள் ஒளித்து வளர்ந்தவர்கள். வெளியே போனவர் திரும்பி வராததைக் கண்டவர்கள். மீள்குடியேறிய காலத்தில் "பற்றைக்குள் போகாதே, கிடப்பதைத் தொடாதே" என்ற எச்சரிக்கை எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் 2009க்குப் பின் பிறந்த பிள்ளை யுத்தத்தைக் காணவில்லை. அதைத் தாயின் முகத்தில்தான் காண்கிறது. எந்த இடம் ஆபத்து, எது ஆபத்தில்லை என்று பிரித்துச் சொல்லாமல் 'வெளியே' என்பதையே பயமாக்கினால், அந்தப் பயம் பிள்ளைக்கும் சொத்தாகிவிடும்.

கணவரை இழந்த பெண்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. "தகப்பன் இல்லாத பிள்ளை, ஊர் சுற்றுது" என்ற பேச்சு. அதற்கு அஞ்சிப் பிள்ளையை உள்ளே வைத்திருக்கும் தாயிடம் குறை காண எனக்கு மனம் வரவில்லை. அப்படிப் பேசும் அயலவர்களுடன்தான் முதலில் கதைக்க வேண்டும்.

கிளித்தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். காலால் கீறிய சில கோடுகள் போதும், செலவில்லை. மறிப்பவருக்குத் தப்பி ஓட வேண்டும், பிடிபட்டால் ஏற்க வேண்டும், சண்டை வந்தால் தாங்களே தீர்க்க வேண்டும். சமூகமயமாதல் என்று நாங்கள் பல்கலைக்கழகத்தில் படித்தது இதைத்தான். ஐந்து முதல் பதினேழு வயது வரையானோருக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிட உடல் உழைப்புத் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியபிள்ளையான பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். நம்மிடையே அவர்களின் ஓட்டம்தான் அந்த நாளோடு நின்றுவிடுகிறது.

விளையாட்டு மனக்காயத்துக்கும் மருந்து. யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, 1996இல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே சேர்ந்து மண்ணில் உருவம் செய்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரையும் விளையாட்டை உரிமையாகவே சொல்கிறது.

ஒரு தாயால் தனியே இதைச் செய்ய முடியாது. மாதர் சங்கத்தில் பேசி, ஐந்தாறு வீட்டார் சேர்ந்து முறை வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு இரண்டு தாய்மார் மைதான ஓரத்தில் இருந்தால் போதும். முதலில் இடத்தைப் பாருங்கள். கட்டில்லாத கிணறு, உடைந்த போத்தல், பழைய முட்கம்பி கிடக்கின்றனவா? கண்ணிவெடிப் பலகை உள்ள பக்கம் அறவே வேண்டாம். துப்புரவாக்கப்பட்ட காணியா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிசெய்யுங்கள். பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்தால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

தொடக்கத்தில் கிழமைக்கு இரண்டு நாள், இருட்டுமுன் ஒரு மணித்தியாலம். மறிக்க ஆள் குறைந்தால் தாய்மாரும் ஒரு தட்டில் நிற்கலாம்.