உடற்பருக்கள்: காரணங்களும் பகுத்தறிதலும் சிகிச்சையும்

ஆய்வுச் சுருக்கம்

முதுகு, மார்பு, தோள் ஆகிய பகுதிகளில் தோன்றும் பருக்களின் காரணங்களையும் சிகிச்சை முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. உடலில் தோன்றும் எல்லாக் கொப்புளங்களும் பருக்கள் அல்ல என்பதையும், பகுத்தறியாமல் இடும் மருந்து நோயை மிகுவிக்கும் என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: உடற்பரு, நெய்ச்சுரப்பி, பூஞ்சைத் தொற்று, ஸ்டீராய்டு, மருந்தெதிர்ப்பு.

முன்னுரை

முகப்பரு உடையோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு உடலிலும் பருக்கள் காணப்படுகின்றன. அவை ஆடையால் மறைந்திருப்பதால் பலர் மருத்துவரிடம் காட்டுவதில்லை. அழுக்கினால் வந்தவை என்னும் கூச்சமும் அதற்கொரு காரணமாகும். இதனால் தழும்பு நிலைத்த பின்னரே பலர் சிகிச்சையை நாடுகின்றனர்.

பரு தோன்றும் முறை

மயிர்க்கால்களோடு இணைந்துள்ள நெய்ச்சுரப்பிகள் முகம், மார்பு, மேல்முதுகு ஆகிய இடங்களில் மிகுந்துள்ளன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை இல்லை. ஆகவே அங்குப் பரு தோன்றுவதில்லை. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்களின் தூண்டலால் நெய்ப்பொருள் மிகுதியாகச் சுரக்கிறது. இறந்த தோலணுக்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு மயிர்க்காலின் வாயை அடைக்கின்றன. அடைபட்ட இடத்தில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்னும் பாக்டீரியா பெருகுகிறது. இவற்றோடு அழற்சியும் சேரும்போது சிவந்த பருக்களும் சீழ்க்கொப்புளங்களும் ஆழ்ந்த கட்டிகளும் உண்டாகின்றன. கரும்புள்ளியின் கருமை அழுக்கன்று. அடைப்பிலுள்ள மெலனின் நிறமியும் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த நெய்ப்பொருளுமே அதற்குக் காரணம். எனவே பீர்க்கங்காய் நாரால் அழுத்தித் தேய்ப்பது பயன் தராது; அழற்சியையே வளர்க்கும்.

உடலுக்குரிய தூண்டுகாரணிகள்

உடற்பருவை முகப்பருவினின்று வேறுபடுத்துவனவற்றுள் உராய்வு முதன்மையானது. முதுகுப்பையின் வார், இறுக்கமான செயற்கையிழை ஆடை, விளையாட்டுக் காப்புக் கருவிகள் ஆகியன வியர்வையோடு சேர்ந்து பருவைத் தூண்டுகின்றன. தலைமுடிக்குப் பூசும் எண்ணெயும் கண்டிஷனரும் முதுகில் வழிந்து தங்குவதும் சிலருக்குத் தூண்டுகாரணியாகலாம்.

சில மருந்துகளாலும் பரு போன்ற கொப்புளங்கள் தோன்றும். கார்ட்டிகோஸ்டீராய்டு, லித்தியம், காசநோய்க்கு வழங்கப்படும் ஐசோனியாசிட் ஆகியன அவற்றுள் சில. உடற்கட்டுக்காகச் சிலர் பயன்படுத்தும் அனபாலிக் ஸ்டீராய்டுகள் கடுமையான பருக்களை உண்டாக்கவல்லன. ஆயினும் காசநோய் மருந்தைக் கொப்புளத்திற்கு அஞ்சித் தாமாக நிறுத்துதல் பெருங்கேடாகும். மருத்துவரின் அறிவுரை இன்றியமையாதது.

பகுத்தறிதல்

வெப்பமும் ஈரப்பதமும் மிக்க பகுதிகளில் உடற்பருவோடு எளிதில் மயங்கத்தக்கது மலாசீசியா என்னும் பூஞ்சையால் உண்டாகும் மயிர்க்கால் அழற்சி. பருநோயில் கரும்புள்ளி, வெண்புள்ளி, சிவந்த பரு, கட்டி எனப் பல வடிவங்கள் கலந்திருக்கும். அரிப்பு பெரும்பாலும் மிகுந்திராது. பூஞ்சை அழற்சியிலோ கொப்புளங்கள் சிறியனவாய், ஒரே வடிவினவாய் அமையும்; அரிப்பு மிகும்; கரும்புள்ளிகள் காணப்படா. நுண்ணோக்கிச் சோதனை ஐயத்தைத் தீர்க்க உதவும்.

இவ்வேறுபாடு சிகிச்சையையே மாற்றுவதாகும். பருவெனக் கருதி ஆன்டிபயாடிக் உட்கொண்டால், தோலிலுள்ள பாக்டீரியாக்கள் குறைந்து பூஞ்சை மேலும் பெருகக்கூடும். இதற்குக் கீட்டோகோனசோல் முதலிய பூஞ்சைக்கொல்லிகளே பொருந்துவன. சிவப்பு நிறம் போக்குவதற்காகத் தாமாகப் பூசிக்கொள்ளும் ஸ்டீராய்டு களிம்பு தொடக்கத்தில் தணிப்பதுபோல் தோன்றினும், தொடர்ந்து பூசும்போது தோலை மெலியச் செய்து புதிய பருக்களை எழுப்பும். மருந்துச் சீட்டின்றி இவை விற்கப்படுவதைத் தடுக்கும் நோக்கில், 2018-இல் இந்திய அரசு மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை எச் அட்டவணையின் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவந்தது.

சிகிச்சை முறைகள்

மிதமான உடற்பருவிற்குப் பென்சாயில் பெராக்சைடு கலந்த கழுவுநீர்மம் ஏற்றது. குளிக்கும்போது பூசிச் சில நிமிடங்கள் விட்டுக் கழுவலாம். இதற்கு எதிராகப் பாக்டீரியாக்கள் மருந்தெதிர்ப்புப் பெறுவதில்லை என்பது இதன் சிறப்பு. ஆடை, துண்டு ஆகியவற்றின் நிறத்தை வெளுக்கச் செய்வது இதன் குறை. மயிர்க்கால் அடைப்பை நீக்க அடப்பலீன் போன்ற ரெட்டினாய்டுகள் பயன்படுகின்றன. 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிரைபரோட்டீன், முகம், உடல் ஆகிய இரண்டின் பருக்களுக்கும் உரியது.

பரப்பு மிகுதியாயினும் நோய் கடுமையாயினும் டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் வழங்கப்படும். மருந்தெதிர்ப்பைத் தவிர்க்க அவற்றைத் தனித்து வழங்காமல் பென்சாயில் பெராக்சைடுடன் சேர்த்து, இயன்றவரை மூன்று அல்லது நான்கு மாதங்களுக்குள் நிறுத்துதல் வேண்டும். தழும்பு உண்டாக்கும் கடும் பருவிற்கு ஐசோட்ரெட்டினாயின் பயன்மிக்கது. எனினும் அது கருவிற்குப் பெருங்கேடு விளைவிப்பதால், கருவுற்ற பெண்களுக்கு வழங்கலாகாது. சிகிச்சைக் காலத்திலும் அது முடிந்து ஒரு மாதம் வரையிலும் கருத்தரித்தலைத் தவிர்த்தல் வேண்டும்.

எம்முறையாயினும் பயன் தெளிவாகத் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். இரண்டு வாரத்தில் மருந்தைக் கைவிடுவோர் அதன் பயனை அறியாமலே வேறொன்றை நாடுகின்றனர்.

தழும்பும் கருமையும்

மார்பும் தோளும் கெலாய்டு எனப்படும் தடித்த தழும்புகள் எளிதில் உருவாகும் இடங்கள். பருவைக் கிள்ளுதலும் பிதுக்குதலும் இவ்விடர்ப்பாட்டை மிகுவிக்கும். மாநிறமும் கருநிறமும் உடையோர்க்குப் பரு ஆறியபின்னும் கரும்படலம் பல மாதங்கள் நீடிக்கலாம். அது புதிய பரு அன்று; அழற்சி விட்டுச்சென்ற சுவடு. ஆகவே கருமையைப் போக்கும் களிம்பைத் தேடுவதற்கு முன் அழற்சியை அடக்குவதே முறையாகும்.

முடிவுரை

உடற்பரு, தூய்மைக் குறைவின் அடையாளம் அன்று. நெய்ச்சுரப்பியும் மயிர்க்காலும் சார்ந்த நோய். உராய்வு, வியர்வை, மருந்து ஆகிய தூண்டுகாரணிகளை ஆராய்தலும், பூஞ்சை அழற்சியினின்று பிரித்தறிதலும் சிகிச்சைக்கு முற்பட்ட பணிகள். முகப்பருவிற்கு வருவோரிடம் முதுகையும் மார்பையும் குறித்து மருத்துவர் வினவுதல், மறைந்திருக்கும் நோயைத் தழும்பாகுமுன் கண்டறிய வழிசெய்யும்.