தரவுத்தளத்தின் வாயிற்காவல்

மாணவர் சேர்க்கைப் பதிவேட்டை இரும்புப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தவன் யான். இன்று அத்தகைய ஏடுகள் மேகக் கணினியில் தரவுத்தளங்களாக உறைகின்றன. வலையில் நாடிவரும் கணினிக்கு ஐ.பி. முகவரி என்றோர் எண் உண்டு. இன்ன எண்ணுக்கே வழிவிடுக என விதித்தல் வேண்டும். வீட்டு இணைப்பின் எண்ணோ அடிக்கடி மாறும். அதிற் சலித்தே சிலர் 0.0.0.0/0 என எழுதிவிடுகின்றனர். உலகனைத்தும் வருக என்பது அதன் பொருள்! 2017 ஜனவரியில், கடவுச்சொல்லுமின்றித் திறந்துகிடந்த மோங்கோடிபி தரவுத்தளங்கள் பல்லாயிரம் துடைக்கப்பட்டன. மீட்க வேண்டுமாயின் பணம் தருக என்னும் ஓலையே அங்கு எஞ்சியது. கடவுச்சொல் இருப்பினும், அதனை ஓயாது ஊகித்துப் பார்க்கும் பொறிகள் உள. ஆதலின் தரவுத்தளத்துக்குப் பொது முகவரியே தாராது தனிவலையில் வைத்து, வெளியூரிலிருந்து பணிபுரிவோரை விபிஎன் வழியே வரச்செய்வர் விவரமறிந்தோர்.