ஓராண்டு இடைவெளியும் ஆடுகள உரிமையும்

காலடிப்பேட்டை முதல் எண்ணூர் வரையிலான குடியிருப்புகளில், கல்லூரிப் படிப்பை ஓராண்டு ஒத்திவைத்துவிட்டு கன்டெய்னர் கிடங்குக்கோ துறைமுகக் கூலிவேலைக்கோ செல்லும் பட்டியல் சாதி மாணவர்கள் உண்டு. அவர்களுள் ஒருவர் கைப்பந்து வீரராக இருந்தால் எழும் கேள்வி இது: திரும்பி வரும்போது பல்கலைக்கழக அணியில் ஆடும் தகுதி எஞ்சியிருக்குமா?

எஞ்சியிருக்கும், ஆனால் காலக்கெடு உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நடத்தும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், முழுநேரப் படிப்பில் சேர்ந்துள்ள மாணவரையே ஆட அனுமதிக்கிறது. கல்வியாண்டின் ஜூலை 1 அன்று அவருக்கு 25 வயது நிறைந்திருக்கக் கூடாது. 2004 ஆகஸ்டில் பிறந்தவர் 2029-30இலும் ஆடலாம். அதே ஆண்டு ஜூனில் பிறந்தவர் ஆட முடியாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதல்நிலைப் பிரிவில் நெடுங்காலமாக இருந்த விதி வேறு: முழுநேரமாகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் நான்கு பருவங்கள். அங்கே சேர்க்கை நாள் கணக்கைத் தொடங்குகிறது, இங்கே பிறந்த நாள். ஆகவே ஓராண்டு இடைவெளி மட்டும் யாரையும் வெளியேற்றுவதில்லை. பள்ளியில் ஏற்கெனவே ஓரிரு ஆண்டுகளை இழந்தவருக்கே அது சுமையாகிறது. அவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்பதை வாசகர் அறிவர்.

முழுநேர ஊழியர் ஆடக் கூடாது என்ற விதியும் உண்டு. இடைவெளி ஆண்டில் செய்த வேலை பிற்காலத் தகுதியைக் கெடுக்காது. ஆனால் கல்லூரிக்குத் திரும்பிய பின்னும் முழுநேர ஊழியராக நீடித்தால் ஆட முடியாது. இரவுப் பணி முடித்துக் காலையில் வகுப்புக்கு வருபவரையும் இவ்விதி தொடும். தொலைதூரக் கல்விக்கு மாறினாலும் முழுநேர மாணவர் என்ற தகுதி போய்விடும்.

இதில் பணயமாவது கோப்பை மட்டுமன்று. பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆடியவருக்குக் கிடைப்பது மூன்றாம் எண் படிவம். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படும் சான்றுகளில் அதுவும் ஒன்று. பரிந்துரை செய்ய ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அத்தாளின் மதிப்பு பெரிது.

உதவித்தொகைக் கணக்கும் உடன் ஓடுகிறது. ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, படிப்பில் இருக்கும் ஆண்டுக்கே வழங்கப்படும். அது தாமதமாவதே சிலரை வேலைக்குத் துரத்துகிறது என்பது வேறு கதை.

முதலாண்டுக்குப் பின் விலகுவோர் பலர் மாற்றுச் சான்றிதழையும் வாங்கிக்கொண்டு போய்விடுகின்றனர். அப்படிச் செய்தால் மறு ஆண்டு புதிய விண்ணப்பதாரராக வரிசையில் நிற்க நேரும். அதை வாங்காமல், காரணத்தைக் குறிப்பிட்டு முதல்வருக்குக் கடிதம் கொடுத்து, அலுவலக முத்திரையுடன் நகல் பெற்று வைத்திருந்தால், பல்கலைக்கழக ஒப்புதலுடன் மறுசேர்க்கை கோரலாம். உடற்கல்வி இயக்குநருக்கும் ஒரு நகல் போகட்டும். அணித் தேர்வுக்கு அழைப்பவர் அவர்தான்.