வேடு கிழிந்தால் ஆக்ஸில் போகும்

ஆடி வெள்ளியன்று படவேட்டில் ரேணுகாம்பாளைத் தரிசித்துவிடலாம். கார் நிறுத்த இடம் கிடைக்காது. போன ஆடியில் மச்சான் தன் டர்போ பெட்ரோல் காரை இரண்டு வேன்களுக்கு நடுவே நுழைக்க, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து முன்னே பின்னே எடுத்துக்கொண்டிருந்தார். முன் சக்கரத்துக்குள்ளிருந்து டக் டக் டக்கென்று சத்தம். பக்கத்தில் பொங்கல் பானை ஏற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மா, "டயர்ல கல்லு மாட்டிக்கிச்சு பாருப்பா" என்றார். கல் இல்லை. ஆக்ஸில் போயிருந்தது.

மெக்கானிக்குகள் ஆக்ஸில் என்று சொல்வது கியர் பாக்ஸிலிருந்து முன் சக்கரத்துக்குப் போகும் கம்பியை. வேலை சுலபம்போலத் தெரியும். ஆனால் சக்கரம் ஓரிடத்தில் நிற்கிறதா? பள்ளத்தில் இறங்குகிறது, மேட்டில் ஏறுகிறது, வளைவில் திரும்புகிறது. அத்தனைக்கும் நடுவே அதைச் சுற்றிக்கொண்டும் இருக்க வேண்டும். அதாவது, வளைந்துகொண்டே சுழலும் கம்பி வேண்டும்.

அம்பாசடரில் இந்தத் தலைவலி இல்லை. அதில் பின் சக்கரம் தள்ளும், முன் சக்கரம் திரும்பும், ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிடாது. நடுவில் ஓடும் நீளக் கம்பிக்கு 'க்ராஸ்' என்கிற சிலுவை மூட்டு போதுமாக இருந்தது. அந்த மூட்டுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாட்டி திரிகை சுற்றியதைப் பார்த்தவர்களுக்குப் புரியும்: கை தன் பக்கம் இழுக்கும்போது கல் ஒரு வேகம், அந்தப் பக்கம் தள்ளும்போது வேறு வேகம். சிலுவை மூட்டை 30 டிகிரி சாய்த்தால், உள்ளே வேகம் சீராக இருந்தாலும், வெளியே ஒரே சுற்றுக்குள் இரண்டு முறை 15 சதவீதம் கூடி, இரண்டு முறை 13 சதவீதம் குறையும். திரும்பும் முன் சக்கரத்தில் இதை மாட்டினால் ஸ்டியரிங் கையிலேயே உதறும்.

இதற்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரட் ரெஸெப்பா. 1920-களின் கடைசியில் அவர் யோசித்த மூட்டின் வகைதான் 1959-ல் இங்கிலாந்தில் வந்த மினியில் இருந்தது. இன்று முன் சக்கரம் இழுக்கும் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பதும் அதுவே.

ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழிக்குள் குழவி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் குழவியைச் சுற்றினால் குழி சுற்றாது, வழுக்கும். இப்போது குழியின் சுவரில் மேலிருந்து கீழாக ஆறு பள்ளங்கள் கொத்துங்கள். குழவியிலும் அவற்றுக்கு நேரே ஆறு. ஒவ்வொரு ஜோடிப் பள்ளத்துக்கும் நடுவில் ஓர் எஃகுக் கோலி. இனி குழவி சுற்றினால் குழி சுற்றியே ஆக வேண்டும், கோலி விடாது. சாய்த்தாலும் கோலிகள் பள்ளத்தோடு மேலும் கீழும் உருண்டு வழிவிடும்.

அந்த ஆறு கோலிகளையும் அங்கங்கே நிறுத்திவைக்க, ஆறு ஜன்னல் வைத்த ஒரு வளையம் உண்டு. நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டிதான் அது. (பேர்தான் அஞ்சறை, எங்கள் வீட்டுப் பெட்டியில் கிண்ணம் ஏழு.) மூட்டின் சூட்சுமம் இந்த வளையத்தில் இருக்கிறது. கம்பி 40 டிகிரி வளைந்தால் கோலிகள் 20 டிகிரியில் நிற்கும். தோசையைச் சரிபாதியாக மடித்தால் மடிப்பு நடுவில் விழுமே, அப்படி. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான நடுவில் கோலிகள் நிற்பதால், உள்ளே என்ன வேகமோ அதே வேகம் வெளியே.

இது சக்கரத்துப் பக்கம். கியர் பாக்ஸ் பக்கத்து மூட்டு பல கார்களில் வேறு மாதிரி. சக்கரம் ஏறி இறங்கும்போது இரண்டு முனைகளுக்கும் இடையே தூரம் கூடும், குறையும். அதனால் இடியாப்ப நாழியில் உலக்கை போய்வருவதுபோல, மூன்று உருளைகள் கிண்ணத்துக்குள் முன்னும் பின்னும் நகரும்.

இவ்வளவும் நல்ல எஃகு. கிரீஸ் இருக்கும்வரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓடும். இதன் உயிர் இருப்பது எஃகில் இல்லை, மேலே மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையில். மெக்கானிக் 'பூட்' என்பார். எங்கள் மாமியார் மொழியில் சொன்னால் வேடு.

ஆவக்காய் ஜாடிக்கு மாமியார் வேடு கட்டுவதைப் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணி, இரண்டு சுற்று நூல், அதற்குமேல் ஒரு முடிச்சு. உள்ளே காயின் தலைக்குமேல் நல்லெண்ணெய் நிற்க வேண்டும். ஈரக் கரண்டி ஒரு முறை பட்டால் போதும், வருஷத்து ஊறுகாய் பூசணம் பிடிக்கும். பூட்டுக்குள் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கரிய கிரீஸ்தான் அந்த நல்லெண்ணெய். ரப்பர் வெடித்ததும் சக்கரம் சுற்றுகிற வேகத்தில் கிரீஸ் வெளியே சிதறும். ரிம்மின் உள்பக்கம் கறுப்புக் கோடாக அடித்திருக்கும். காலியான இடத்துக்குத் தண்ணீரும் மண்ணும் வரும். மச்சானுக்கு வந்தது செண்பகத்தோப்பு அணைக்குப் போகிற வழியில் இருந்த மண். பூட்டில் கீறல் இருப்பதை மாசியிலேயே ஒருவர் காட்டியிருக்கிறார். "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்று இவர் விட்டுவிட்டார்.

வலுவான கார் என்றால் சேதம் இன்னும் சீக்கிரம். 2013-ல் இந்தியாவுக்கு வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யின் 1.2 லிட்டர் இன்ஜின் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். 1983-ல் வந்த மாருதி 800 கொடுத்தது அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. முதல் கியரில் இந்த முறுக்குவிசை பத்து மடங்குக்கும் மேலாகப் பெருகித்தான் இரண்டு ஆக்ஸில்களுக்கும் பிரிந்து வருகிறது. ஒவ்வொரு பக்கமும் தாங்குவது ஆறு கோலிகள். மச்சான் சென்னையில் இ.சி.யூ. என்கிற இன்ஜின் கணினியை ரீமேப் செய்து விசையைக் கூட்டி, ஸ்பிரிங்கையும் தாழ்த்தியிருந்தார். தாழ்த்தினால் கம்பியின் கோணம் மாறும். நேர்ச் சாலையிலும் மூட்டு வளைந்தே ஓடிச் சூடேறும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை.

சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள், ஒருவர் பக்கத்தில் நடந்துவரட்டும். டக் டக் என்றால் சக்கரப் பக்கத்து மூட்டு. நேராகப் போகும்போது ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் வண்டி நடுங்கினால் உள்பக்கத்து மூட்டைச் சந்தேகப்படலாம். வேகம் கூடக் கூட மாவு கிரைண்டர்போல உறுமினால் அது ஆக்ஸிலே இல்லை, வீல் பேரிங்.

பூட் மட்டும் கிழிந்து சத்தம் வராதிருந்தால் கழற்றிக் கழுவி, கிரீஸும் பூட்டும் மாற்றினால் போதும். சத்தம் வந்துவிட்டால் எத்தனை கிரீஸ் அடைத்தாலும் வீண். அம்மி தேய்ந்தால் கொத்திக்கொள்ளலாம். இந்தப் பள்ளத்தில் கடினமாக்கிய எஃகு மேல்தோல் அளவுதான், அது போனால் கோலி உள்ளே இருக்கும் மெத்தென்ற எஃகைத் தோண்ட ஆரம்பிக்கும். பந்தயக்காரர்களுக்கென்று விற்கும் கனத்த ஆக்ஸிலும் சாதாரண ரோட்டுக்கு வேண்டாம் என்பேன். நல்ல அசல் மூட்டு, நல்ல பூட், போதும்.

ஆரணியில் தெரிந்த பட்டறையில், நான் பக்கத்தில் குந்தியபடி பார்க்க, வேலை நடந்தது. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஹப் நட்டைத் தளர்த்தினார்கள். தூக்கிவிட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே போகும். பிறகு ஜாக்கி, வண்டிக்கடியில் ஸ்டாண்டு. கீழ் பால் ஜாயின்டைப் பிரித்து ஹப்பை வெளியே சாய்த்து, மரக்கட்டை வைத்துத் தட்டிக் கம்பியை உருவினார்கள். மரையில் நேராகச் சுத்தியல் போட்டால் நட் மறுபடி ஏறாது. கம்பி நுனியில் பல் வரிசை இருக்கும். மிக்ஸி ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளர்போல. அது தேய்ந்திருந்தால் மோட்டார் சுற்றும், பிளேடு சுற்றாது. இதில் தேயவில்லை.

பழைய மூட்டைத் தட்டிக் கழற்றியதும் உள்ளிருந்து வந்தது கிரீஸ் அல்ல, செம்மண் குழம்பு. விரலால் தடவினால் நறநறத்தது. பள்ளத்தில் கோலி நிற்கும் இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குக் குழி.

புது மூட்டை ஏற்றும் நேரத்தில் பையன் ஒருவன் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். நாழியில் மாவைத் திணித்தபிறகு முறுக்கு அச்சைத் தேடுவார்களே, அந்த விழிப்பு. பூட்டும் கிளாம்பும் முதலில் கம்பியில் ஏற வேண்டும். மறுபடி கழற்றினார்கள். பெட்டியோடு வந்த கிரீஸ் பாக்கெட்டைப் பாதி மூட்டிலும் பாதி பூட்டிலுமாக முழுக்கப் பிழிந்து, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றி, கிளாம்பை இறுக்கினார்கள். ஹப் நட் புதிது. இறுக்கம் கார் கையேட்டில் இருக்கும் அளவு. அது ஏறாமல் வண்டியைத் தரையில் இறக்கி உருட்டினால் பேரிங் போய்விடலாம்.

மாலை வீட்டுக்கு வந்தோம். வீட்டுத் தறியில் அரக்கு நிறப் புடவை, முந்தி பாக்கி. மச்சான் மூன்று முறை சோப்பு போட்டும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. அறுந்த இழையை முடிய நீட்டின கையை மாமியார் பார்த்தார்.

"டேய், அந்தக் கையோட பாவு பக்கம் வராத. போய் ஜாடிக்கு வேடு கட்டு."